14 மாத ஸ்பீச் தெரபி: மூடியைத் திறக்காமல் இருப்பதற்குக் காசு

கீழ் வீட்டு அக்கா நேற்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "உன் பையனைக் கூட்டிட்டுப் போறியே, அங்க சும்மா விளையாடத்தான் விடுறாங்களாமே? அதுக்கா காசு?" அவர் பேத்திக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

நானும் முதல் நாள் இதையேதான் கேட்டேன். அப்போது இவனுக்கு இரண்டரை வயது. இருந்தது மூன்றே சொல். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்து, காது நார்மல் என்று தெரிந்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். பாயில் உட்கார்ந்து தெரபிஸ்ட் நாலு முறை சோப்புக் குமிழி ஊதினார். அப்புறம் பாட்டில் மூடியை இறுக்கி மூடி இவன் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். திருகினான், கடித்தான், என்னிடம் கொண்டுவந்தான். "தொறக்கணுமா செல்லம்?" என்று நான் ஆரம்பித்ததும் கண்ணாலேயே அடக்கினார். அவனே கேட்கட்டும் என்று மனதுக்குள் பத்து எண்ண வேண்டுமாம். ஏழு எண்ணும்போது பாட்டிலை அவர் மடியில் வைத்து முகத்தைப் பார்த்தான். "தொற" என்று சொல்லித் திறந்தார். அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய். எனக்கு வந்ததே கோபம்!

ஆனால் ஐந்தாவது வாரம் வீட்டில் பிஸ்கட் டப்பாவை நீட்டி "தொ" என்றான். நான் அழுதுவிட்டேன், அது வேறு விஷயம்.

"இது என்ன, அது என்ன" என்று கேட்டுத் துளைக்காதீர்கள் என்றார்கள். அவன் "கார்" என்றால் நாம் "கார் போகுது" என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் போதும். கேட்க எளிது, வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். அத்தைக்குப் பொறுக்கவே இல்லை. "புள்ளைய ஏங்க வைக்கிறீங்களே" என்பார். அதே அத்தைதான் பிறகு குக்கர் விசிலை வைத்து ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். "ஒண்ணு... ரெண்டு..." என்று நிறுத்துவார். அடுப்படிக்கு ஓடிவந்து "மூணு!" என்பான். எந்த சென்டரிலும் இது கிடையாது.

இனி என் வயிற்றெரிச்சல். 14 மாதத்தில் மூன்று தெரபிஸ்ட். ஒருவர் பழகி, இவன் அவர் மடியில் ஏறும் நேரம் பார்த்து வேலையை விட்டுப் போவார். புதியவர் வந்து "என்னென்ன சொல் வரும்மா?" என்று முதலிலிருந்து தொடங்குவார். ஃபைல் மேஜை மேலேயே இருக்கும்! மறுபடி மூன்று வாரம் நட்பு பிடிக்கும் படலம், முழு பீஸில். அந்த பீஸும் இப்போது 650. இவர்களுக்குச் சம்பளம் என்ன கொடுக்கிறார்களோ, பாவம், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

இப்போது வாக்கியமாகப் பேசுகிறான். தெரபியால்தானா, பால்வாடியில் பிள்ளைகளோடு சேர்ந்ததாலா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். 'ர' மட்டும் இன்னும் 'ல'தான். அந்த எழுத்து பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள் என்றார்கள்.

அக்காவிடம் சொன்னேன்: முதலில் காதைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கவனிக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், அங்கே இலவசம். தனியார் என்றால் தெரபிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். முறை அருமையான முறை. நாங்கள் போகும் சென்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சொல்லிவிட்டு மேலே வந்து அதே சென்டருக்கு அடுத்த மாத பீஸை ஜிபே செய்தேன்.

போன புதன்கிழமை மூன்றாமவரின் முதல் வகுப்பு. அதே குமிழி பாட்டில், அதே இறுக்கிய மூடி. அவர் மனதுக்குள் எண்ண ஆரம்பித்திருப்பார். இவன் ஒரே திருகில் திறந்து அவரிடம் நீட்டினான். "இதுகூடத் தெலியாதா உங்களுக்கு?"