இலவச மெயில்: இடம் எவ்வளவு, சாவி யாரிடம்?

சில வருஷங்களுக்கு முன் போன் எண்ணை மாற்றினேன். அப்புறம் புது லேப்டாப்பில் மெயிலைத் திறக்கப் பார்த்தால், கடவுச்சொல் சரி, ஓடிபி மட்டும் பழைய எண்ணுக்குப் போகிறது. கல்லூரிச் சான்றிதழ்களின் ஸ்கேன், நண்பர்களின் கடிதங்கள், எல்லாம் இன்னமும் உள்ளேயே கிடக்கின்றன. அதனால் எந்த இலவச மெயில் நல்லது என்று யார் கேட்டாலும், பூட்டிக்கொண்டால் எப்படித் திறப்பது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மற்றவர்கள் பார்ப்பது இடத்தை. 2004-இல் ஜிமெயில் 1 ஜிபியோடு வந்தபோது ஹாட்மெயில் தந்தது வெறும் 2 எம்பி. இன்று ஜிமெயிலில் 15 ஜிபி. ஆனால் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. கல்யாண வீடியோக்கள் போனிலிருந்து தானாக ஏறி இடத்தை நிரப்பிவிட்டால், புது மெயில் வருவதே நின்றுவிடும். ஹாட்மெயிலின் வாரிசான அவுட்லுக் மெயிலுக்கென்றே தனியாக 15 ஜிபி தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2023 முதல் மெயிலோடு வரும் இணைப்புகள், கோப்புகளை இணையத்தில் வைக்க மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் 5 ஜிபி மேகச் சேமிப்பின் கணக்கிலும் சேர்கின்றன. பிடிஎஃப் நிறைய வாங்குபவர் அந்த 5-ஐத்தான் கவனிக்க வேண்டும்.

புரோட்டான் மெயில் வேறு ரகம். ஜெனிவாவில் செர்ன் ஆய்வகத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-இல் தொடங்கியது. இலவசக் கணக்கில் 1 ஜிபிதான், ஒரு நாளைக்கு 150 மெயில்தான் அனுப்பலாம். விளம்பரம் கிடையாது. பெட்டியில் இருக்கும் கடிதங்களின் உள்ளடக்கத்தை அந்த நிறுவனமே படிக்க முடியாது. தலைப்பு வரிக்கு மட்டும் அந்த முழுப் பாதுகாப்பு இல்லை. இதற்கு ஒரு விலை உண்டு: கடவுச்சொல்லை மறந்து, 12 சொல் மீட்புத் தொடரையும் எடுத்து வைக்காமல் விட்டால், கணக்கு திரும்பக் கிடைத்தாலும் பழைய மெயில்களைப் படிக்க முடியாது. சாவி உங்களிடம் மட்டுமே இருப்பதால் வரும் நிலை இது. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் கடவுச்சொல்லை அடிக்கடி மறக்கும் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோவும் விளம்பரம் இல்லாமல் 5 ஜிபி தருகிறது. சொந்த டொமைன், அதாவது தன் பெயரிலேயே இணைய முகவரி, வைத்திருக்கும் சின்னக் கடைக்காரருக்கு வசதி.

அம்மாவுக்கு ஜிமெயில்தான் போட்டுக் கொடுத்தேன். திரை முழுக்கத் தமிழில் வரும், கணினியில் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினாலே தமிழாகிவிடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பில் ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படும் காப்புக் குறியீடுகள் பத்து கிடைக்கும். அவற்றை அச்செடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறோம்.