768 கோடுகளோடு குடித்தனம்: பழைய 32 அங்குல எச்.டி. ரெடி டிவி, பவர் போர்டு பழுதுக்குப் பிறகு

டிவிக்குள் கரண்டைப் பக்குவப்படுத்தித் தரும் பவர் போர்டில் நாலு கெப்பாசிட்டர் மாற்றியதில் எங்கள் வீட்டு டிவி மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவரின் கேள்வி: 2010 வாக்கில் வந்த 32 அங்குல எல்.சி.டி. ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது, அம்மாவின் அறைக்கு வாங்கிப் போடலாமா? செட்டின் சங்கதிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். எச்.டி. ரெடி, 1366×768 பேனல் (அகலத்தில் 1366 புள்ளி, உயரத்தில் 768 கோடு), பின்னால் சி.சி.எஃப்.எல். குழல்விளக்குகள், இரண்டோ மூன்றோ எச்.டி.எம்.ஐ., தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும் எடை. அதனால் நேரே வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஓவர்ஸ்கேன். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்துக்குக் கால் வெட்டுப்படுவது, கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டையின் ஓரம் காணாமல் போவது, கம்ப்யூட்டரை இணைத்தால் டாஸ்க்பார் பாதி மறைவது எல்லாம் இதன் கைங்கரியம். வருகிற படத்தின் நாலு ஓரத்திலும் இரண்டரை முதல் ஐந்து சதவீதம் வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் திரையை நிரப்புகிறது டிவி. பிக்சர் டியூப் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. டியூபில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்காது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கும். சுருங்கினாலும் கறுப்பு விளிம்பு தெரியாமலிருக்க, திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே படத்தை வரைந்தார்கள். எல்.சி.டி. பேனலில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் நிலையானது. சுருங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அனலாக் கேபிளில் மேல் ஓரத்தில் வெள்ளைக் கோடுகள் மினுங்கும், அதை மறைக்க வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்.டி.எம்.ஐ. வழியாகப் புள்ளி பிசகாமல் வரும் படத்துக்கும் அதே கத்தரியை ஃபேக்டரியிலேயே போட்டு அனுப்பியதற்கு என்ன சமாதானம்?

கத்தரியை நிறுத்த வழி உண்டு. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘டாட் பை டாட்’, ‘ஃபுல் பிக்சல்’, ‘அன்ஸ்கேல்டு’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அது ஒளிந்திருக்கும். ‘16:9’ போட்டாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது, 16:9-இலும் வெட்டு உண்டு. சில செட்டுகளில் எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால்தான் வெட்டு நிற்கும். பெயரை மாற்றினால் படம் மாறும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

உண்மையான எரிச்சல் இதற்குப் பிறகுதான். இந்த அமைப்பை டிவி நினைவில் வைப்பது இன்புட்டுக்கு ஒன்றாக மட்டுமல்ல, சிக்னல் வகைக்கு ஒன்றாக. செட்டாப் பாக்ஸை ‘ஆட்டோ’வில் விட்டிருந்தால் சாதா சேனலை 576 கோட்டிலும் எச்.டி. சேனலை 1080ஐ-யிலும் (1080 கோடு, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் வருவது) அனுப்பும். சேனல் மாற்றும்போதெல்லாம் டிவிக்கு அது புது சிக்னல். இரண்டு வினாடி திரை இருட்டும், பிறகு அமைப்பு பழையபடி 16:9-க்குத் திரும்பும். 576 வரும்போது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்ற வார்த்தையே மெனுவில் மங்கலாகிவிடும், தேர்ந்தெடுக்க விடாது. இதற்கு மருந்து டிவியில் இல்லை, பாக்ஸில் இருக்கிறது. பாக்ஸின் வீடியோ அவுட்புட்டை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து ஒரே ரெசல்யூஷனில் கட்டிப்போடுங்கள். எல்லாச் சேனலும் ஒரே வகையாகப் போய்ச் சேரும், அமைப்பும் நிற்கும், இருட்டும் போகும். 4:3 படத்தை என்ன செய்வது என்பதையும் பாக்ஸின் மெனுவிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

கட்டிப்போடுவது 720பி-யிலா (720 கோடும் ஒரே தவணையில் வருவது) 1080ஐ-யிலா? இங்கேதான் 768 என்ற வினோத எண் குறுக்கே வருகிறது. கம்ப்யூட்டர் மானிட்டரில் பழகிய 1024×768-ஐப் பக்கவாட்டில் நீட்டி 16:9 ஆக்கியதில் பிறந்த அளவு இது. ஒளிபரப்பில் 576 உண்டு, 720 உண்டு, 1080 உண்டு. 768-இல் ஒரு சேனலும் வந்ததில்லை. ஆக, ஓவர்ஸ்கேனை நிறுத்தினாலும் இந்தத் திரையில் எந்தச் சேனலும் உள்ளது உள்ளபடி தெரியாது. 720-ஐப் பதினைந்து கோட்டுக்குப் பதினாறாக நீட்ட வேண்டும். 1080-ஐக் குறுக்க வேண்டும். நம் எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ என்பதால் முதலில் 1080ஐ வைத்துப் பாருங்கள். பாக்ஸில் 720 வைத்தால் பாக்ஸ் ஒரு முறை குறுக்கி, டிவி மறுபடி நீட்டி, படம் இரண்டு உரலில் இடிபடும். ஆனால் 1080ஐ-யின் இரண்டு தவணைக் கோடுகளைச் சேர்த்துத் தைக்கும் வேலையைச் சில பழைய செட்டுகள் சரியாகச் செய்யாது. கேமரா நகரும்போது கிரிக்கெட் மைதானத்தின் வெள்ளைக் கோடு படிக்கட்டாக உடைகிறதா பாருங்கள். உடைந்தால் அந்தச் செட்டுக்கு 720பி-தான்.

கோபத்தை இந்த இடத்தில் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். 32 அங்குலத்தில் 1366 புள்ளி என்றால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு ஆறடிக்கு மேல் அது தனியாகத் தெரியாது. எட்டடி தள்ளி உட்காருபவருக்கு ஃபுல் எச்.டி. பேனலும் இதுவும் ஒன்றுதான். 768-ஐத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கிட்டே போய் மூக்கை ஒட்டிப் பார்த்துத் திட்டுகிறவர்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் செட் கெட்ட பெயர் வாங்கியதற்குப் பேனல் காரணமல்ல, உள்ளே போனதுதான் காரணம். 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. சன் டிவியின் எச்.டி. சேனல் 2011 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை தமிழ் வீடுகளில் இதில் ஓடியது அனலாக் கேபிளும் 4:3 படமும். அந்தப் படத்தை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுத்து, கதாநாயகிகளையெல்லாம் குண்டாக்கிப் பார்த்தோம். ஏன் இழுத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 29 அங்குல டியூப் டிவியில் தெரியும் படம் மூலைக்கு மூலை 68 செ.மீ., அதாவது உயரம் 41 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 32 அங்குல எல்.சி.டி.யின் உயரம் 39 செ.மீ.தான். இழுக்காமல் பார்த்தால், பெரிய தொகை கொடுத்து வாங்கிய புது டிவியில் படம் பழையதைவிடச் சின்னது! யாருக்குத்தான் மனசு வரும்?

இன்றைக்கும் பல வீடுகளில் எச்.டி. பாக்ஸ் இருந்தும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்தான் செருகியிருக்கிறது. கேபிள்காரர் அப்படியே மாட்டிவிட்டுப் போயிருப்பார். மஞ்சள் பின் வழியாக எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. கேபிள் வயரின் வெளிப்பின்னலைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிற வீடு நிறைய உண்டு. எர்த் இல்லாத அடாப்டர்களின் கசிவு அதில் ஏறி நிற்கும். அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ.யைச் செருகினால் போர்ட் செத்துவிடலாம். டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, எச்.டி.எம்.ஐ.யை முதலில் மாட்டி, கேபிள் வயரைக் கடைசியில் திருகுங்கள். ஐப்பசி இடிக்குப் பவர் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது, அந்த வயரையும் கழற்ற வேண்டும்.

படத்தின் அமைப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘டைனமிக்’, ‘விவிட்’ இரண்டும் ஷோரூம் வெளிச்சத்துக்கு வைத்தவை. ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ போடுங்கள். பேக்லைட் 40–50, ஷார்ப்னஸ் அடிமட்டம் அல்லது அதற்குப் பக்கத்தில், கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’. நாய்ஸ் ரிடக்‌ஷன் எச்.டி.க்கு வேண்டாம், சாதா சேனலுக்கு ‘லோ’ இருக்கட்டும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ நிழல்கள் மொத்தமாக முழுகிப்போனாலோ எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவலை ஒரு படி மாற்றிப் பாருங்கள். தரையில் பாய் விரித்துப் பார்க்கிற வீட்டில் ஷோகேஸின் மேல்தட்டில் வைத்தால் சில பேனல்களில் நிறம் வெளுக்கும். அது செட்டிங்கில் தீராது, டிவியைத்தான் இறக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டுவதாக இருந்தால் மூன்று தொந்தரவு. முதலாவது, டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுத்தால் ஸ்டிக் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, சில பழைய செட்டுகள் 1080பி-யை ஏற்காமல் வெறும் இருட்டைக் காட்டும். வேறு டிவியில் மாட்டி ஸ்டிக்கை 720பி-க்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது, மறுபடியும் ஓவர்ஸ்கேன். திரையின் நாலு மூலைக்கும் அம்புக்குறியைப் பொருத்தச் சொல்லும் கேலிபரேஷன் ஸ்டிக்கிலேயே உண்டு, அதைத் தொடாதீர்கள். ஓரத்துக்கு மூன்று சதவீதம் வெட்டும் டிவியில் அது 1280×720 படத்தை 1203×677-க்குச் சுருக்கி அனுப்பும், டிவி அதை 1366×768-க்கு ஊதும். டிவியில் ஃபுல் பிக்சல் அறவே இல்லையென்றால் மட்டும் அந்த வழி.

ஆனந்தம் எங்கே என்றால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். கம்ப்யூட்டர் மானிட்டரை மாட்டுகிற வி.ஜி.ஏ. போர்ட். செட்டிலேயே பழைய ரகம் அதுதான். 768 கோடும் பிசகாமல் புள்ளிக்குப் புள்ளி தெரிவதும் பெரும்பாலும் அதில் மட்டும்தான். லேப்டாப்பை 1360×768-இல் வையுங்கள். 1366 எட்டால் வகுபடாது என்பதால் பல கிராஃபிக்ஸ் கார்டுகள் அந்த அளவைத் தராது. பக்கத்துக்கு மூன்று புள்ளி கறுப்பாக நிற்கும், கண்ணுக்கே தெரியாது. தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் அச்சில் பார்ப்பதுபோல நிற்கும். ஒலிக்குத் தனியாக ஒரு 3.5 மி.மீ. வயர் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பழுது பார்க்கலாம். கம்பெனி சர்வீஸில் ‘போர்டு ஸ்டாக் இல்லை’ என்று கைவிரிக்கிற செட்டை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சில்லறைச் சாமான் எழுப்பிவிடும். ஸ்டேண்ட்பை விளக்கு மினுக்கி, ரிலே டிக் டிக் என்று அடித்து, டிவி ஆன் ஆக ஐந்து பத்து நிமிடம் எடுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் போர்டின் இரண்டாம் பக்கத்து, அதாவது குறைந்த வோல்டேஜ் வெளியேறும் பக்கத்து, கெப்பாசிட்டர்கள். ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்கும் 1000 மைக்ரோ ஃபாரட், 10 அல்லது 16 வோல்ட் ரகத்தின் தலை உப்பியிருக்கும். அதே மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்த ரகம்) வாங்குங்கள். வோல்ட் கூடினால் உருவமும் கூடும். மூடியில் இடிக்காத உயரமா என்று பார்த்து வாங்க வேண்டும். போர்டில் நெகட்டிவ் அடையாளம் எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்காது, கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்ட் நேரே வரும் முதல் பக்கத்தில் இருக்கும் 400 அல்லது 450 வோல்ட் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். மல்டிமீட்டரில் இறங்கியதைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

ஒலி வருகிறது, படம் இல்லை, டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறது என்றால் குழல்விளக்கை எரியவைக்கும் இன்வெர்ட்டர் போர்டோ குழல்விளக்கோதான். மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு நிரந்தரமாக நின்றால் பேனலின் ஓரத்து இணைப்பு விட்டிருக்கும். அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

கரண்டையும் சொல்லிவிட வேண்டும். பேக்லைட் முழுசாக எரிந்தால் இந்த ரகம் 100 முதல் 150 வாட் இழுக்கும். 120 வாட் என்று வைத்து நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதப் பில்லில் 43 யூனிட். 40 வாட் எல்.இ.டி. செட்டுக்கு 14 யூனிட்தான். 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

அம்மாவின் அறை என்று பார்த்தால் இதைவிட நல்ல டிவி கிடைப்பது கஷ்டம். ஆன் செய்தால் நேரே சேனல். முகப்புப் பக்கம், விளம்பரம், அப்டேட் எதுவும் கிடையாது. உடம்பு கனமாக இருப்பதால் ஸ்பீக்கருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது, இன்றைய ஒல்லி டிவிகளைவிட வசனம் தெளிவு. இவ்வளவும் சொல்லிவிட்டு என் பதில்: வாங்க வேண்டாம். பாக்ஸை மாற்றினாலோ, கேபிள்காரர் வந்து ‘ஆட்டோ’வில் போட்டுவிட்டுப் போனாலோ எழுத்தின் கால் மறுபடி வெட்டுப்படும். அம்மா போன் செய்வார், நீங்கள் போனிலேயே மெனு சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த மெனு மங்கலாக இருக்கும். இந்தத் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவானேன். இங்கே ஓடுகிற செட் ஓடட்டும், அது வேறு விஷயம்.

கேட்காமல் பார்க்கப் போவீர்கள் என்று தெரியும். போகும்போது ஒரு லேப்டாப்பும் எச்.டி.எம்.ஐ. வயரும் எடுத்துப் போங்கள். 720பி-யில் டெஸ்க்டாப்பைக் காட்டி, டாஸ்க்பார் முழுசாகத் தெரிகிற ஒரு பட அளவாவது மெனுவில் இருக்கிறதா பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி மாட்டி, அந்த அமைப்பு அப்படியே நிற்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்.