கேபர்கோலினா, புரோமோகிரிப்டினா?

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கட்டி இருக்கிறது, குழந்தையும் வேண்டும். எந்த மாத்திரை என்று தருமபுரியிலிருந்து சொந்தக்காரப் பெண் கேட்டாள்.

போடும் முறை: கேபர்கோலின் வாரம் 1 அல்லது 2 முறை, புரோமோகிரிப்டின் தினமும்.

குமட்டல்: புரோமோகிரிப்டினில் அதிகம். அதோடு தொப்பூர் கணவாயில் பஸ் ஏறினால் பாடுதான்.

கர்ப்பகால அனுபவம்: புரோமோகிரிப்டினுக்கு நீண்டது, உடலைவிட்டும் சீக்கிரம் போகும். கேபர்கோலினாலும் குழந்தைக்குக் குறை கூடியதாகத் தெரியவில்லை.

எதுவானாலும், 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கட்டி என்றால் கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. பெரிய கட்டிக்கு மருந்து தொடரலாம், பார்வைப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பத்தில் புரோலாக்டின் இயல்பாகவே ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலைவலி கூடினாலோ, பக்கப் பார்வை மங்கினாலோ உடனே டாக்டர்.

குமட்டல் தாங்காதவர்களுக்கும் பெரிய கட்டிக்கும் கேபர்கோலின். பழகிய மருந்துதான் தைரியம் என்பவர்களுக்குப் புரோமோகிரிப்டின்.