ஸ்காட் பேக் என்று சொல்லி ஆர்/டி-யைத் தலையில் கட்டினார்கள்: பழைய சேலஞ்சர் வாங்குவோர் கவனத்துக்கு

டெக்சாஸில் பழைய டாட்ஜ் சேலஞ்சர் வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற அக்டோபரில் டல்லாஸ் அருகே ஒரு பழைய கார் டீலரிடம் 2019 சேலஞ்சர் ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் போட்டிருந்தது ஸ்காட் பேக். வாங்கிய விலையும் ஸ்காட் பேக் விலைதான். கைக்கு வந்த வண்டி அதற்கு ஒரு படி கீழான ஆர்/டி. ஏறக்குறைய 7,000 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகைக்கும் சேர்த்து 6.25 சதவீத விற்பனை வரி வேறு கட்டியாயிற்று. ஆறு வருடம் ஆசைப்பட்டுச் சேர்த்துவைத்த பணம் என்பதால் மனசு இன்னும் ஆறவில்லை.

சேலஞ்சர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேரியன்ட் என்கிறோமே, அதை இங்கே ட்ரிம் என்பார்கள். நம்மூர்க் காரில் வேரியன்ட் மாறினால் பெரும்பாலும் சன்ரூஃப், டச் ஸ்கிரீன், அலாய் வீல் மாறும். சேலஞ்சரில் ட்ரிம் மாறினால் பெரும்பாலும் எஞ்சினே மாறிவிடும். 2019-ல் எஸ்எக்ஸ்டி, ஜிடி இரண்டிலும் 3.6 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர் எஞ்சின், 305 குதிரைத்திறன். அதற்கு மேலே ஆர்/டி, 5.7 லிட்டர் ஹெமி வி8 (எட்டு சிலிண்டர், ஹெமி என்பது டாட்ஜின் வி8 எஞ்சின்களின் பெயர்). ஆட்டோமேட்டிக்கில் 372 குதிரைத்திறன். அதற்கும் மேலே ஸ்காட் பேக், 6.4 லிட்டர் ஹெமி, 485 குதிரைத்திறன். 6.4 லிட்டரைக் கன அங்குலத்தில் சொன்னால் 392. வண்டியின் பக்கவாட்டில் 392 என்று எழுதியிருப்பது அதனால்தான். உச்சியில் சூப்பர்சார்ஜர் வைத்த ஹெல்கேட் வகைகள், 700 குதிரைத்திறனைத் தாண்டியவை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உடம்புதான். பானெட், ஸ்பாய்லர், சக்கரம், பேட்ஜ் என்று ஒரு வகையை இன்னொரு வகை மாதிரி காட்டத் தேவையான எல்லாமே தனித்தனியாகக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் 2023 டிசம்பரோடு உற்பத்தியும் நின்றுவிட்டது. அதனால் வி8 சேலஞ்சர் வேண்டும் என்பவர்கள் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

என்னைக் கவிழ்த்தது ஒரு பெயர். ஸ்காட் பேக்கின் முழுப் பெயரே ‘ஆர்/டி ஸ்காட் பேக்’. அதற்குக் கீழே இருக்கும் வண்டியின் பெயர் வெறும் ‘ஆர்/டி’. ஆக, காகிதத்தில் ‘சேலஞ்சர் ஆர்/டி’ என்று பார்த்தபோதெல்லாம் அது ஸ்காட் பேக்கைச் சுருக்கி எழுதியது என்றே எடுத்துக்கொண்டேன். விற்பனைப் பத்திரத்திலும் அப்படித்தான் இருந்தது, இன்சூரன்ஸ் காகிதத்திலும் அப்படித்தான். வாகன வரலாற்று அறிக்கையில் விபத்து உண்டா, எத்தனை கைமாறியது என்ற பகுதிகளை மட்டும் பார்த்தேன். அதே பக்கத்தின் மேலே எஞ்சின் 5.7 லிட்டர் என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் கண்ணில் அறைகிற மாதிரி இருக்கிறது.

வாங்கிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். கிரில்லில் ஸ்காட் பேக்கின் தேனீச் சின்னம். முன் ஃபெண்டர்கள் இரண்டிலும் 392. சக்கரத்தின் இடுக்கில் சிவப்பு நிறத்தில், பிரேக் கம்பெனியான ‘பிரெம்போ’வின் பெயர் எழுதிய பிரேக். பானெட்டைத் திறக்கச் சொன்னேன். எஞ்சின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி இல்லை. “கழுவும்போது கழற்றினார்கள், உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்” என்றார் சேல்ஸ்மேன். அந்த மூடியின் மேல்தான் எஞ்சினின் அளவு எழுதியிருக்கும். அது இன்றுவரை வரவில்லை. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே சீறியது. பத்து வருடமாகக் கேம்ரி ஓட்டியவனுக்கு 372-க்கும் 485-க்கும் வித்தியாசம் தெரிய, இரண்டையும் முன்பே ஓட்டியிருக்க வேண்டும். கூட வந்த அலுவலக நண்பர் என்னைவிட மூத்தவர், திருப்பூர்க்காரர். “தம்பி, ஒரு வாரம் பொறுத்து ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்கலாமே” என்று இரண்டு தடவை சொன்னார். “இன்னொருவர் சாயங்காலம் பார்க்க வருகிறார்” என்று சேல்ஸ்மேன் சொன்னதும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உண்மை வெளிவந்தது முதல் ஆயில் மாற்றும்போது. 6.4 ஹெமிக்கு 0டபிள்யூ-40 ஆயில் ஊற்ற வேண்டும் என்று படித்துவைத்திருந்தேன். ஆயில் மாற்றும் கடையில் அதையே கேட்டேன். அங்கிருந்த இளைஞர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் ஆயில் மூடியில் 5டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறதே சார், இது 5.7 ஆச்சே” என்றார். நான் நம்பவில்லை. அவர் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, கணினியில் போட்டுக் காட்டினார். ஆர்/டி, 5.7 என்றே வந்தது. பிறகு டார்ச் அடித்து முன்சக்கரத்தின் உள்ளே காட்டினார். சிவப்பு பிரேக் என்று நான் நினைத்தது மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை. ஸ்காட் பேக்கில் வருவது நான்கு பிஸ்டன் வைத்த பிரெம்போ காலிப்பர் (வட்டத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்). என் வண்டியில் உறைக்குப் பின்னால் இருந்தது ஆர்/டி-யின் சாதாரண காலிப்பர்.

மறுநாளே டீலரிடம் போனேன். மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பத்திரத்தை எடுத்து ‘ஆர்/டி’ என்ற இடத்தில் விரலை வைத்து, “நாங்கள் விற்றது இதைத்தான், கையெழுத்து உங்களுடையது” என்றார். பேட்ஜ் எல்லாம் முந்தைய உரிமையாளர் ஒட்டியதாம். விளம்பரத்தில் ஸ்காட் பேக் என்று இருந்ததே என்றால், அது தட்டச்சுப் பிழையாம். கண்ணாடியில் ஒட்டியிருந்த வாங்குவோர் வழிகாட்டித் தாளில் ‘உள்ளது உள்ளபடி, டீலர் வாரன்ட்டி இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்ததையும் காட்டினார். மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீலரின் இடத்துக்கே போய் வாங்கிய காருக்கு அந்த மத்திய அரசு விதி பொருந்தாது.

நல்லவேளையாக, விளம்பரப் பக்கத்தை வாங்குவதற்கு முன்பே படமெடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தேன். சேல்ஸ்மேன் அனுப்பிய குறுஞ்செய்தியில் “இந்த 392 இன்னும் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள்?” என்ற வரியும் பத்திரமாக இருந்தது. வழக்கறிஞர் அந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் வழக்கை எடுத்துக்கொண்டார். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிவிட்டால் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லலாம், பொய் சொல்லி வாங்கவைத்ததற்கு அது கவசமாகாது என்றார். டெக்சாஸின் வணிக மோசடித் தடுப்புச் சட்டப்படி, வழக்குத் தொடர்வதற்கு 60 நாள் முன்பு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பியிருக்கிறோம். டீலரின் பெயரை நான் இங்கே எழுதாததும் அவர் சொன்னதால்தான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. வின் எண் 17 எழுத்து. முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலையில் வெளியிலிருந்தே தெரியும். அதில் இடமிருந்து எட்டாவது எழுத்து எஞ்சினுக்கானது. 2019 சேலஞ்சரில் அது ஜி என்றால் 3.6 வி6. டெக்சாஸின் முதல் எழுத்தான டி என்றால் 5.7. ஜே என்றால் 6.4. பேட்ஜை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், இந்த எழுத்தை மாற்றினால் குற்றம், அதனால் நான் இனி முதலில் பார்ப்பது இதைத்தான். எழுத்தை நினைவில் வைக்க முடியாது என்பவர்கள் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் வின் எண்ணைப் போட்டால் எஞ்சின் எத்தனை லிட்டர் என்று இலவசமாகவே காட்டும். டாட்ஜ் சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஆலையிலிருந்து என்னென்ன பொருத்தி வந்தது என்ற பட்டியலையும் எடுத்துத் தருவார்கள். பிரேக்கை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சில ஆர்/டி-களிலும் கூடுதல் பேக்கேஜில் உண்மையான பிரெம்போ வந்திருக்கிறது.

சார்ஜர் தேடுபவர்களுக்கும் எல்லாம் இதேதான், அது நான்கு கதவு வைத்த உடன்பிறப்பு. ஃபோர்டின் மஸ்டாங், செவர்லேயின் கமாரோ பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஒரே எழுத்து ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பொருள் தரும். மஸ்டாங்கில் ஜிடி என்றால் 5.0 லிட்டர் வி8. சேலஞ்சரில் ஜிடி என்றால் வி6. கமாரோவில் எஸ்எஸ் என்பது 6.2 லிட்டர் வி8. ஆனால் ஆர்எஸ் என்பது தோற்றத்துக்கான பேக்கேஜ் மட்டுமே, அதன் உள்ளே நான்கு சிலிண்டர் எஞ்சின்கூட இருக்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் வைத்த 2.3 லிட்டர் ஈக்கோபூஸ்ட் மஸ்டாங்கில் ஜிடி பேட்ஜ் ஒட்டி ஓடும் வண்டிகளும் உண்டு. அதிலும் எட்டாவது எழுத்தையே பாருங்கள்: 5.0-க்கு எஃப், ஈக்கோபூஸ்டுக்கு எச்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது ட்ரிமின் முழுப் பெயரையும் எஞ்சின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஆர்/டி ஸ்காட் பேக், 6.4 லிட்டர்’ என்று எழுத அவர்கள் தயங்கினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். சாயங்காலம் வருகிறவர் வாங்கிக்கொண்டு போகட்டும்.

ஆர்/டி மோசமான வண்டி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்/டி விலைக்கு ஆர்/டி-யைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக ஓட்டியிருப்பேன். 5.7 ஹெமியின் சத்தம் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் டீலரிடமிருந்து பதில் வந்தது. 2,000 டாலர் தருவதாகவும், அதன் பிறகு இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு தாள். கையெழுத்துப் போடவில்லை. இன்னும் 22 நாள் இருக்கிறது.