ஹாஃப்-கட் கடையில் பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 2,800 வெள்ளி போச்சு

சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். காடிக்கு (காருக்கு) ஹாஃப்-கட் கடையில், அதாவது வெட்டின பழைய காடிகளை விற்கும் கடையில், பழைய எஞ்சின் வாங்கி மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் அனுப்புங்கள். எனக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. இன்று மத்தியானம் அந்தக் கடைக்கு மறுபடியும் போன் போட்டேன். எடுத்த பையன் "தவுக்கே இல்ல" என்றான். பின்னால் அந்தத் தவுக்கே (கடை முதலாளி) யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

காடி புரோட்டோன் வீரா 1.5, 1999இல் எடுத்தது. அப்பா தோட்ட வேலையை விட்டபோது கையில் வந்த இபிஎஃப் (சேமநிதி) பணத்தில் வாங்கினார். அம்மாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், பிள்ளைகளை டியூஷனுக்கு விடுவதும் இதில்தான். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. எண்ணெய் குடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் போமன் (மெக்கானிக்) கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், சோதித்துவிட்டு, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார். 4ஜி15 எஞ்சின்தானே, 1.5 இஸ்வாரா, வீரா, சாத்ரியா எல்லாவற்றிலும் இதே எஞ்சின், நல்லதாக ஒன்று கிடைத்தால், இருப்பதைப் பிரித்து ஓவர்ஹால் பண்ணுவதைவிட மலிவு என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கடை பெயரை எழுதவில்லை. பெரிய ரோட்டோரம், முன்பாதியாக வெட்டின காடிகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் ஒன்று. தவுக்கே நம்ம ஆள்தான். எந்தத் தோட்டம் என்று கேட்டார், சொன்னேன். "அட, எங்கம்மா பக்கத்து டிவிஷன்லதான் ரப்பர் பால் வெட்டினாங்க!" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு, தே ஓ (பால் இல்லாத தேநீர்) வரவழைத்தார். அப்புறம் எஞ்சினைக் காட்டினார். நன்றாகக் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, டயர் மேல் உட்கார வைத்திருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து, என் கையைப் பிடித்து விரலை உள்ளே விடச் சொன்னார். "தொட்டுப் பாருங்கண்ணே, கரி இருக்கா? ஜப்பான்ல அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு. நம்ம தோட்டத்து ஆளுகிட்ட பொய் சொல்வேனா?" விரலில் கரி இல்லை. ஓட்டிக் காட்டச் சொன்னதற்கு, வயரிங் இல்லாமல் தரையில் ஓட்ட முடியாது, காடியில் ஏற்றியதும் நீங்களே கேளுங்கள் என்றார்.

எஞ்சின் 1,700. கூலி, கேஸ்கெட், எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,100. ஆக 2,800 வெள்ளி, என் மனைவி கூத்து (சீட்டு) எடுத்த பணம். எண்ணி வாங்கி, முருகன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு டிராயரில் போட்டார். ஒரு மாதம் வாரண்டி என்று வாயால் சொன்னார். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சொன்ன பேச்சு அது.

முதல் வாரம் காடி அருமையாக ஓடியது. அடுத்த வாரமே புகை, பழைய எஞ்சினைவிட மோசமாக. கோலகங்சார் போய் வருவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "புது எஞ்சின் செட் ஆகணும்ணே, கொஞ்சம் ஓட்டுங்க." மறுபடி போனால், "உங்க ரேடியேட்டர் அடைப்பு, அதுக்கு நான் என்ன பண்றது?" அப்புறம், "ஹீட் ஆயிட்டா வாரண்டி கிடையாதுண்ணே." அதற்கும் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும், பதில் வராது. ஒரு மாதம் முடிந்த மறுநாள் மட்டும் உடனே பதில் வந்தது: "வாரண்டி முடிஞ்சு போச்சு."

எங்கள் போமனிடமே விட்டேன். வடித்த எண்ணெய் கூழாக இறங்கியது. புகையை அமுக்க கெட்டி எண்ணெயோடு ஏதோ மருந்தும் கலந்திருக்கிறார்கள் என்றார். டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றித் திருப்பினால், பெயிண்ட் படாத ஓரத்தில் பாதி கிழிந்த ஒட்டுத்தாள். மலாயில் பெல்ட் மாற்றிய விவரம், 2012, 186,000 கிலோமீட்டர், மார்க்கர் பேனா எழுத்து. ஜப்பானில் அறுபதாயிரம் ஓடிய எஞ்சினில் மலாய் எழுத்து எப்படி வரும்? எங்கேயோ இங்கே ஓடிக் களைத்த எஞ்சினைக் கழுவி எனக்கு விற்றிருக்கிறார்கள்.

படத்தை அனுப்பினேன். "அது உங்க பழைய எஞ்சின் மூடிண்ணே, அதையே எடுத்து மாட்டினோம்" என்றார். அப்பா இந்தக் காடிக்குச் செய்த ஒவ்வொரு செலவையும் 555 நோட்டில் எழுதி வைத்தவர். 186,000இல் பெல்ட் மாற்றிய கணக்கு அதில் இல்லை. சரி, என் பழைய எஞ்சினைக் காட்டுங்கள், மூடி இருக்கிறதா பார்ப்போம் என்றேன். அது இரும்புக்கடை லோரியில் போய்விட்டதாம்! யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

இன்னொரு தலைவலி: ரசீதில் "எஞ்சின் 1" என்றுதான் இருக்கிறது, எண் இல்லை. எஞ்சின் மாற்றினால் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை முடித்து, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) ஜெரானை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தை, திருத்த வேண்டும். எண்ணே இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? 2,800 வெள்ளியும் போய், காடியும் வீட்டு வாசலில் நிற்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்காமல், உங்கள் போமன் கம்ப்ரஷன் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். டைமிங் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணும் வாரண்டியும் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும், வெளிநாட்டு எஞ்சின் என்றால் கஸ்டம்ஸ் பத்திரமும் கேளுங்கள். பழைய எஞ்சினை அங்கே விட்டு வராதீர்கள். பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. நான் திங்கட்கிழமை போடுகிறேன். இதே மாதிரிக் கடையில் இதே கதை நடந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.