பெரியப்பாவும் பதினேழு வயது துப்பறிவாளனும்: ஃபேமிகாம் டிடெக்டிவ் கிளப் விளையாடிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்குமான கேம் இல்லை. சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. திரையில் ஒரு ஆள் நிற்பார். ஓரத்தில் ஒரு மெனு இருக்கும். கேள், கூப்பிடு, பார், எடு, காட்டு, யோசி, நினைவுபடுத்து, இடம் மாறு. இதில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரு பாகத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் இதையேதான் செய்யப்போகிறோம். இப்படிச் சொன்னால் யாருக்கும் வாங்கத் தோன்றாதுதான். ஆனால் 2021-இல் வாங்கிய இரண்டு பாகங்களும் இன்னும் எங்கள் வீட்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் இருக்கின்றன. மெமரி கார்டில் இடம் போதாமல் எத்தனையோ கேம்களை அழித்தாயிற்று, இவற்றில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

நிண்டெண்டோ முதல் பாகமான தி மிஸ்ஸிங் ஏர் (காணாமல்போன வாரிசு) கேமை ஜப்பானில் வெளியிட்டது 1988-இல். அடுத்த ஆண்டே இரண்டாவது பாகம், தி கேர்ள் ஹூ ஸ்டாண்ட்ஸ் பிஹைண்ட். அதே 1989-இல்தான் இங்கே வட ஆற்காடு மாவட்டம் உடைந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. அவ்வளவு பழைய சரக்கு. கதை யோஷியோ சகாமோட்டோவுடையது, மெட்ராய்ட் கேம் தொடரில் வேலை செய்தவர் என்றால் சிலருக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் வேலூர் சத்துவாச்சாரியில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு டிவி கேம் என்றால் மஞ்சள் கேசட். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் பெட்டியின் நகல்கள் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. மரியோ வந்தது, கான்ட்ரா வந்தது, இந்தத் துப்பறியும் கதை மட்டும் நம் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வரவும் வழியில்லை. அப்போது இது கேசட்டில் வெளியாகவில்லை. ஃபேமிகாமோடு தனியாக இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்த கேம் இது, அதுவும் முழுக்க ஜப்பானிய எழுத்தில். ஒரு டிஸ்க்கில் இரண்டு பக்கமும் சேர்த்து 112 கிலோபைட்தான் பிடிக்கும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே அதற்கு மேல் இருக்கும். அதனால் ஒரே கதையை முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு டிஸ்க்காக வெட்டி, ஏப்ரலில் ஒன்றும் ஜூனில் ஒன்றுமாக விற்றார்கள். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள ஜப்பான் பிள்ளைகள் ஏழு வாரம் காத்திருந்தார்கள்.

மெனு முறையும் அந்தக் காலத்து நெருக்கடியில் பிறந்ததுதான். 1983-இல் யூஜி ஹோரி செய்த போர்ட்டோபியா கொலை வழக்கு கேமில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது கணினிக்கான கேம். 1985-இல் ஃபேமிகாமுக்கு வந்தபோது கையில் இருந்த கன்ட்ரோலரில் ஒரு சிலுவைப் பொத்தானும் நான்கு பட்டன்களும்தான். எனவே சொற்களைப் பட்டியலாகத் திரையிலேயே போட்டுவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் இதுவும்.

2021 மே மாதம் வந்த மறு உருவாக்கம் மேஜஸ் நிறுவனத்தின் கைவேலை. படம் முழுக்கப் புதிது. ஆட்கள் கண் சிமிட்டுகிறார்கள், பேசும்போது தலையைத் திருப்புகிறார்கள், பின்னால் மரம் அசைகிறது. எல்லோருக்கும் ஜப்பானியக் குரல் உண்டு. எழுத்து ஆங்கிலத்தில், இந்தக் கதைகள் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்துக்கு வந்ததே அப்போதுதான். ஆனால் விசாரிக்கும் முறையை மட்டும் தொடவே இல்லை. 1988-இல் எந்த வரிசையில் கேட்டால் எவர் வாய் திறந்தாரோ, இப்போதும் அப்படியேதான். மற்றவர்கள் குறையாகச் சொன்னதும் இதைத்தான். எனக்கும் முதல் இரண்டு இரவுகள் எரிச்சல்தான் வந்தது.

மாடியிலிருந்து பெரியப்பா இறங்கி வந்தபிறகுதான் கேம் வேறு மாதிரி ஆனது. அவர் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர், குடியாத்தம், ஆற்காடு என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்தவர். டிவியில் ஓடும் துப்பறியும் படம் எதையும் முழுசாகப் பார்க்க மாட்டார், "இவன்லாம் ஒரு போலீஸா" என்று எழுந்து போய்விடுவார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருப்பா இந்தப் பையன்? மீசையே மொளைக்கல, இவன் இன்னா விசாரிக்கப் போறான்?" என்றார். ஹீரோவுக்குப் பதினேழு வயது. மலை விளிம்பிலிருந்து விழுந்து, தான் யார் என்பதே மறந்துபோய்க் கிடக்கிறான். அவன் விசாரித்துக்கொண்டிருந்தது அயாஷிரோ என்ற பணக்காரக் குடும்பத்துத் தலைவி கிகு அம்மாள் இறந்த வழக்கு. மாரடைப்பு என்று ஊர் சொல்கிறது. வீட்டுக் காரியஸ்தருக்கு மட்டும் சந்தேகம்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாங்களா?"

"இல்ல பெரியப்பா. புதைச்சிட்டாங்க."

"அப்பவே சந்தேக மரணம்னு 174 செக்ஷன் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா ஒன் கேமு அர மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்."

ஆங்கில வரிகளை நான் தமிழில் வாசித்துச் சொல்ல, எதை அழுத்துவது என்று அவர் சொல்ல, இப்படியே போனது. ஹீரோவுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் தன் பழைய இன்ஸ்பெக்டர் பெயரை வைக்கச் சொன்னார். அந்த இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதாகக் கதை தொடங்கியதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் எரிச்சல்பட்ட இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கிறோம், பதில் வருகிறது. திரும்பக் கேட்டால் அதே பதில். இடையில் 'யோசி' அழுத்திவிட்டு மறுபடி கேட்டால், முதலில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறாள். "இதுக்குப் பேருதான்டா விசாரணை. கேட்டுகினே இருக்கணும். மொத தரம் சொல்றது மனப்பாடம் பண்ணது. மூணாவது தரம் வாய் தவறும்" என்றார். சரி என்று பொறுமையாகக் கேட்க ஆரம்பித்தபிறகு, எழுத்தும் குரலும் எவ்வளவு நுணுக்கமாக மாறுகின்றன என்பது தெரிந்தது. ஒரே பதிலை இரண்டாம் முறை சொல்லும்போது சிலர் கண்ணைத் தாழ்த்துகிறார்கள். 112 கிலோபைட்டில் அதைக் காட்ட வழியே இருந்திருக்காது. பழைய முறையை அப்படியே விட்டுவிட்டு முகங்களை மட்டும் புதிதாக வரைந்தது எவ்வளவு சரியான முடிவு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எதிரே நிற்கும் ஆளையே 'கூப்பிடு' போட்டுக் கூப்பிட்டால்தான் கதை நகரும் என்ற இடங்கள் உண்டு. சும்மா சுவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் ஒருவர் பேசுவார். இதில் துப்பும் இல்லை, தர்க்கமும் இல்லை. மெனுவில் இருக்கும் எல்லாவற்றையும் வரிசையாக அழுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. குறிப்பு கொடுக்கும் வசதி ஒன்று வைத்திருக்கலாம், வைக்கவில்லை. பெரியப்பாவே ஓரிடத்தில், "இது விசாரணை இல்ல, லோல்படுறது" என்று படுக்கப் போய்விட்டார்.

முதல் பாகத்தின் பலம் அந்த ஊர். மியோஜின் என்ற கிராமம், அயாஷிரோ சொத்துக்கு ஆசைப்பட்டவர்களை இறந்தவர் எழுந்து வந்து பழி வாங்குவார் என்ற நம்பிக்கை. அங்கே பிணத்தை எரிக்காமல் புதைக்கும் வழக்கம் இருப்பதைக் கேம் ஒரு பெரிய மர்மம் போலச் சொல்கிறது. பெரியப்பாவுக்கு அதில் பயமே வரவில்லை. "பொதைச்சா இன்னா இப்போ? நம்ம பக்கம் பாதிப் பேரு பொதைக்கிறவங்கதான்." ஜப்பானில் அநேகமாக எல்லோரையும் எரித்துவிடுவார்கள், புதைப்பதே அபூர்வம் என்று விளக்கியபிறகுதான் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குப் பிடிபட்டது. சுடுகாடு வேறு, இடுகாடு வேறு என்று இரண்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் பாதித் திகில் தானாக வராது. அதைக் கொஞ்சம் வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் திடீரென்று ஒரு சிக்கலான வழிக்குள் நடக்க விடுகிறார்கள். அக்காலத் துப்பறியும் கேம்களில் இது ஒரு வழக்கம் போலிருக்கிறது, போர்ட்டோபியாவிலும் இப்படி ஒன்று உண்டு. கையில் வரைபடம் இல்லை, எல்லாச் சுவரும் ஒரே மாதிரி. வேலூர்க் கோட்டைக்குள்ளிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். "இது எங்க போய் ஏறும், விரிஞ்சிபுரமா?" என்று பெரியப்பா கேட்டபோது சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. கதை உச்சத்தில் இருக்கும்போது எதற்கு இந்த நடை?

எழுத்தில் இரண்டாவது பாகம் ஒரு படி மேல். யோகோ என்ற பள்ளி மாணவி ஆற்றில் பிணமாகக் கிடக்கிறாள். அவள் படித்த பள்ளியில், ரத்தம் தோய்ந்த ஒரு பெண் பின்னால் வந்து நிற்பாள் என்று ஒரு புரளி. புரளியின் வேர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன இன்னொரு மாணவியிடம் போய் நிற்கிறது. இது நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். பழைய கட்டடத்தில் இயங்கும் எந்தப் பள்ளியில் படித்தவரைக் கேட்டாலும் மூடிய கிணறு, பூட்டிய லேப் என்று ஒரு கதை வைத்திருப்பார். அந்தக் கதையை யார் முதலில் சொன்னார், ஏன் சொன்னார் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேம் அதைத்தான் கேட்கிறது.

இதில் பெரியப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. கதையில் பழைய கொலை ஒன்று இருக்கிறது, பதினைந்து ஆண்டு தாண்டினால் குற்றவாளி மீது வழக்குப் போட முடியாது. "கொலக் கேசுக்கு ஏதுடா கெடு? இருவது வருசம் கழிச்சும் புடிச்சு உள்ள போட்டுருக்கோம்." அவர் சொல்வது சரி. நம் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பு இல்லை. ஜப்பானில் அப்போது அது உண்மையாகவே பதினைந்து ஆண்டுதான். 2005-இல் இருபத்தைந்தாக்கினார்கள், 2010-இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். இது தெரிந்துகொண்டு விளையாடினால், அந்தக் கதையில் எல்லோரும் ஏன் நாளை எண்ணிக்கொண்டு அலைகிறார்கள் என்பது உறைக்கும்.

வெகுநாள் வைத்திருந்ததில் தெரிந்த சில விஷயங்கள். ஸ்விட்ச்சை 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் வேலூரில் நாற்பதைத் தாண்டும், வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். மே மாதப் பகலில் பெரிய கேம்கள் எதையும் நான் போடுவதில்லை. இது பெரும்பாலும் அசையாத படம் என்பதால் கருவி அவ்வளவாகச் சூடாவதில்லை, விசிறிச் சத்தமும் குறைவு. கரண்ட் போனால் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடலாம், எழுத்து சின்னத் திரையிலும் தெளிவாகத் தெரிகிறது. பெரியப்பாவுக்குத்தான் கண்ணாடி தேவைப்பட்டது.

கதை கிளை பிரிவதில்லை, எப்படி விளையாடினாலும் கொலைகாரன் மாறப்போவதில்லை. அதனால் மறுமுறை விளையாட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் பாகத்தை நான் இரண்டாம் தடவை போட்டது அமைப்புகளில் பழைய ஃபேமிகாம் இசையை மாற்றி வைத்துத்தான். அந்தக் கீச்சுக்குரல் இசையில் அதே காட்சிகள் ஏனோ இன்னும் பயமாக இருந்தன. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு அவர் பேசும் ஒவ்வொரு வரியிலும் நழுவல் தெரிகிறது. என் தங்கை அதே கருவியில் தன் கணக்கிலிருந்து தனியாக விளையாடி முடித்தாள். தனி சேவ் என்பதால் ஒருவர் ஆட்டம் மற்றவருக்குக் குறுக்கே வருவதில்லை.

விலைதான் இடிக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு பாகம் 34.99 டாலர், இரண்டும் சேர்த்து 59.99. நான் வாங்கும்போது இங்கே அதிகாரபூர்வக் கடை இல்லை, வெளிநாட்டுக் கணக்கும் கிஃப்ட் கார்டும்தான் வழி. ஜப்பானுக்கு வெளியே டவுன்லோடாக மட்டுமே விற்றார்கள் என்பதால், முடித்துவிட்டு யாருக்கும் பாதி விலைக்குத் தள்ளிவிடவும் முடியாது. தனியாக, ஒரு முறை மட்டும் விளையாடுகிறவர் தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாம். வீட்டில் கூட உட்கார்ந்து சண்டை போட ஆள் இருந்தால் முழு விலையும் தகும்.

வரிசை கேட்டால், இரண்டாவது பாகம் காலத்தால் முந்தைய கதை என்றாலும் முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டாவதை முடித்துவிட்டு முதலுக்கு வந்தால் அது சப்பென்று இருக்கும். இந்த மெனு முறை நமக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இதே தொடரில் எமியோ என்று புதுக் கதை ஒன்று வந்தது, அதற்கு இலவச டெமோ விட்டிருக்கிறார்கள். முதலில் அதை இறக்கிப் பாருங்கள். நாங்கள் இப்போது அதில்தான் இருக்கிறோம், ஆனால் முழு கேமில். சிரிக்கும் முகம் வரைந்த காகிதப் பையோடு ஒரு மாணவன் பிணமாகக் கிடக்கிறான். பையில் கைரேகை எடுத்தார்களா என்று பெரியப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.