ஒரு காதில் கேட்ட உடல்நலப் பாடம்: தமிழ் ஒலித்தொடர் ஒன்றைப் பற்றி

கடந்த இரண்டு வாரங்களாக, வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸில் போய்வரும் நேரங்களில், இந்த ஒலித்தொடரின் ஒன்பது பகுதிகளையும் கேட்டு முடித்தேன். கொழும்பிலுள்ள ஒரு சிறு குழு, பால்புதுமை (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலான) இளையோருக்கென்று தமிழில் தயாரித்து வட்ஸ்அப் வழியாகக் கைமாற்றி வருகிறது. தன்பாலினரிடையேயான உடலுறவைக் குற்றமாக்கும், 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படாததால், தங்கள் பெயரை வெளியிட வேண்டாமென்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவற்றை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னரும் நிலைமை அதுதான்.

காணொளியாக அன்றி ஒலியாகச் செய்ததே இதன் முதற் சிறப்பு. மூன்று பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் கைப்பேசித் திரையை யாரும் எட்டிப்பார்க்கலாம். காதுக்குள் கேட்பதை யாரும் பார்க்க முடியாது. என் பதின்ம வயதில் இப்படி எதுவும் இருக்கவில்லை. பாடசாலையில் இனப்பெருக்கம் பற்றிய பாடத்தை "வீட்டில் வாசியுங்கள்" என்று ஆசிரியர் கடந்துபோனார். ஒரு வார இதழின் வைத்தியர் கேள்வி பதில் பகுதியில், என்னைப் போன்ற ஒருவனின் கடிதத்துக்குத் திருமணம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பதில் வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பதை நான் அறிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. தொடரின் முதற் பகுதி அந்தச் செய்தியோடுதான் தொடங்குகிறது. பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

நான்காம் பகுதியை எல்லோரும் கேட்கவேண்டும். தேங்காயெண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையை நலிவடையச் செய்து கிழிய விடும், ஆகவே நீரை அடிப்படையாகக் கொண்ட உயவு ஜெல்லையே பயன்படுத்த வேண்டும் என்று அதில் சொல்கிறார்கள். எந்த வீட்டுக் குசினியிலும் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருக்கும் ஊரில், இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியத்தை நான் அண்மையில் கேட்டதில்லை. சந்தேகம் ஏற்பட்ட மறுநாளே செய்யும் எச்.ஐ.வி பரிசோதனை எதையும் உறுதிப்படுத்தாது, ஆய்வுகூடப் பரிசோதனையாயின் 45 நாட்களும் சுயபரிசோதனையாயின் 90 நாட்களும் கடக்கவேண்டும் என்பதையும், சிகிச்சையால் குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது என்பதையும் பயமுறுத்தாமல் விளக்குகிறார்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள அரச மத்திய சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம், விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும் என்ற தகவலும் உண்டு.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஆபத்தான தொடர்பு நேர்ந்தால் 72 மணித்தியாலங்களுக்குள் எச்.ஐ.வி தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுக்கவேண்டும் என்ற, உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி ஆறாம் பகுதியின் கடைசி நிமிடத்தில் ஒளிந்திருக்கிறது. வெள்ளி இரவு பதறிப்போயிருக்கும் ஒருவன் அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பானா? சனி, ஞாயிறு நாட்களில் எங்கே போவது என்பதும் சொல்லப்படவில்லை. சில பகுதிகளில் மொழி ஆங்கிலக் கையேட்டிலிருந்து இறங்கியது போல விறைத்து நிற்கிறது. அதே குரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் எவ்வளவு இயல்பாக இருக்கின்றன!

ஆனால் பெரிய குறை வேறு. தெஹிவளையில் இருக்கும் தங்கை போன்ற தோழி ஒருத்திக்கு ஒன்பது பகுதிகளையும் அனுப்பினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணா, இதில எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். பெண்ணை விரும்பும் பெண்களுக்கு ஒரு நிமிடம் கூட ஒதுக்கப்படவில்லை; திருநங்கையரும் திருநம்பியரும் ஒரு வாக்கியத்தில் பெயரளவில் வந்துபோகிறார்கள். அவளுடைய கேள்வியை அப்படியே குழுவினருக்கு அனுப்பியிருக்கிறேன். பத்தாம் பகுதியை அவளையே பேசவைத்துப் பதிவுசெய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள்; அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.